பதினைந்து பாட்டில் ரத்தம்

என் கணவருக்குத் தலை ஆடுகிறது என்பதை முதலில் கவனித்தது நான்தான். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறியில் அவர் புடவையின் உடலை நெய்வார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நூலோடும் நாடாவைத் தள்ளுவேன். இழை அறுந்து அதை முடிய அவர் நிறுத்தும்போதெல்லாம் தலை மெல்ல முன்னும் பின்னும் ஆடும். கழுத்தின் இரண்டு பக்கமும் நரம்பு துடிக்கும். துடிப்பும் ஆட்டமும் ஒரே கணக்கில் இருந்தன.

"உங்க தலை ஆடிக்கினே இருக்குது," என்றேன்.

"தறியில குந்திக்கினு இருக்கிறவன் தலை ஆடத்தான் செய்யும்," என்று சிரித்தார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. அவருக்கு முப்பது வயது. ஒருநாள் தெருவில் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டிவிட்டு வந்தவர், மூச்சு வாங்கி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று சாதித்தார். மறுநாள் நான் தறியில் உட்கார மறுத்துவிட்டேன். கரை இல்லாமல் புடவை ஏது? டாக்டரிடம் வந்தார்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த டாக்டர் அவசரப்படாத மனிதர். என் கணவர் கையைத் தலைக்கு மேலே தூக்கி மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். என்னையும் பிடித்துப் பார்க்கச் சொன்னார். நாடி என் விரலை ஓங்கி அடித்துவிட்டு உடனே விழுந்தது. ரத்த அழுத்தத்தில் மேல் எண் அதிகம், கீழ் எண் மிகக் குறைவு என்றார். பிறகு அவரை முன்னால் குனிந்து உட்காரவைத்து, மூச்சை முழுக்க விட்டு அடக்கச் சொல்லி, நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"சின்ன வயசுல காய்ச்சல் வந்து மூட்டு வீங்கினதுண்டா?"

"இல்லீங்க."

"உண்டு டாக்டர்," என்றேன் நான். "பத்து வயசுல. முட்டி வீங்கி ஒரு மாசத்துக்கு மேல படுத்துக்கினு இருந்தாராம். மாமியார் சொல்லியிருக்காங்க."

கணவர் என்னை முறைத்தார். கெட்ட சகவாசத்தால் வரும் மேகநோயினாலும் நெஞ்சில் இப்படிக் கோளாறு வருமாம். அதைப்பற்றிக் கேட்பதற்காக டாக்டர் என்னைச் சற்று வெளியே நிற்கச் சொன்னார். இவர் முகம் சிவந்து வெளியே வந்தார். ரத்தப் பரிசோதனையில் அது இல்லை என்று ஆனது. எனக்கு டாக்டர்மேல் கோபமில்லை. கேட்பது அவர் வேலை.

"இதயத்திலேர்ந்து ரத்தம் வெளியே போற வழியில ஒரு வால்வு இருக்கும்மா, கதவு மாதிரி," என்று விளக்கினார். "அந்தக் காய்ச்சல் மூட்டை விட்டுடுச்சு, கதவைக் கெடுத்துடுச்சு. இப்ப அது சரியா மூடலை. வெளியே போன ரத்தம் கொஞ்சம் திரும்பி உள்ளே வருது. அதையும் சேர்த்துத் தள்ளித் தள்ளி இதயம் பெருத்துப் போச்சு."

அந்தக் காய்ச்சல் மறுபடி வராமலிருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, நீர் பிரிய மாத்திரை, இதயத்துக்கு ஒரு மாத்திரை, உப்பு பாதி. இரண்டு வருஷம் அப்படி ஓடியது. ஓர் ஊசியையும் தவறவிடவில்லை நான். ஆனால் மூன்றாம் வருஷத்து எக்ஸ்ரேயில் இதயம் இன்னும் பெரிதாகியிருந்தது. மட்டமாகப் படுத்தால் அவருக்கு மூச்சு முட்டியது.

"இனிமே மாத்திரை போதாது," என்றார் டாக்டர். "மெட்ராஸ்ல வால்வையே மாத்துறாங்க. தள்ளிப்போட்டா இதயத்தோட சதை தளர்ந்துடும். அப்புறம் மாத்தியும் பிரயோஜனம் இல்லை."

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய் வழியாகச் சாயம் செலுத்திப் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். "என்ன கலர் சாயம்?" என்று இவர் கேட்டார். கலரே இல்லை, எக்ஸ்ரேயில் மட்டும்தான் தெரியும் என்றதும், அது என்ன சாயம் என்று முகம் சுளித்தார். படத்தில் ரத்தம் திரும்புவது தெளிவாகத் தெரிந்ததாம். ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். பதினைந்து பாட்டில் ரத்தம் வேண்டும், எந்தப் பிரிவானாலும் மாற்றிக்கொள்ளலாம், ஆளை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும் என்றார்கள். இரண்டு வாரம் இருந்தது.

தெருவில் வீடு வீடாகப் போனேன். எல்லோருக்கும் இவர்மேல் பிரியம்தான். ஆனால் ரத்தம் என்றதும் பின்வாங்கினார்கள்.

"கை தளர்ந்துட்டா தறியில எப்படிம்மா குந்துறது?" என்று கேட்டார் எதிர்வீட்டு நெசவாளர், தெலுங்கு பேசும் குடும்பத்துக்காரர்.

அவர் பயம் நியாயமானது. பேசிப் பயனில்லை என்று புரிந்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் தனியாக மெட்ராஸ் போய் ஒரு பாட்டில் ரத்தம் கொடுத்துவிட்டு, சாயங்காலம் திரும்பினேன். அடுத்த நாள் காலை வாசல் கதவை அகலத் திறந்துவைத்து, கணவருக்குப் பதிலாக வந்த கொழுந்தனோடு தறியில் உட்கார்ந்தேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள். மத்தியானம் எதிர்வீட்டுக்காரர் உள்ளே வந்து நின்றார்.

"மயக்கம் வரலியா?"

"வரலண்ணா. பசிதான் வந்துச்சு."

நாடா தள்ளும் என் கையைப் பார்த்தார். "என் பேரை எழுதிக்கோம்மா," என்றார்.

கொழுந்தனையும் சேர்த்துப் பதினாறு பேரைக் கூட்டிக்கொண்டு மெட்ராஸுக்கு பஸ் ஏறினேன். ரத்தம் குறைவு என்று இரண்டு பெண்களைத் திருப்பினார்கள். ஒருவர் ஊசியைக் கண்டதும் வெளியே ஓடினார். இரண்டு டீ குடித்துவிட்டுத் தானாகவே வந்து படுத்தார். நான் முன்பே கொடுத்ததையும் சேர்த்துப் பதினைந்து பாட்டில் கணக்கு சரியாகிவிட்டது.

ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் இவர், "நான் திரும்பலன்னா..." என்று ஆரம்பித்தார்.

"திரும்பி வந்து பேசுங்க," என்றேன். எழுந்து வெளியே போய்த்தான் அழுதேன்.

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். வெயில் சாயும்போதுதான் பெரிய டாக்டர் வெளியே வந்தார். உலோகக் கூண்டுக்குள் சிறு பந்து ஓடும் வால்வு ஒன்றை வைத்திருப்பதாகச் சொன்னார். மூன்றாம் நாள் இவர் பக்கத்தில் உட்கார்ந்தபோது நெஞ்சிலிருந்து டிக் டிக் என்று கேட்டது. "கடிகாரம் வாங்கிட்டேன்," என்றார் மெல்லிய குரலில்.

ஆறு மாதம் கழித்துத் தறியேறினார். ரத்தம் உறையாமலிருக்க தினம் மாத்திரை, அதன் அளவு பார்க்க மாதாமாதம் பரிசோதனை, பல் பிடுங்குவதானாலும் முன்னதாக டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஊசியும் தொடர்ந்தது. எல்லாவற்றையும் ஒரு வேலையாக எடுத்துக்கொண்டேன்.

அந்தக் காய்ச்சல் தொண்டைவலியில்தான் தொடங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் எந்தக் குழந்தைக்குத் தொண்டைவலி, முட்டிவீக்கம் என்று காதில் விழுந்தாலும் கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய்விடுவேன். பெற்றவர்கள் சலித்துக்கொண்டாலும் விட்டதில்லை. அப்படிப் போனவர்களில் ஒரு பெண்ணுக்கு அதே காய்ச்சல்தான். நல்லவேளை, வால்வு கெடவில்லை. மூன்று வாரத்துக்கு ஓர் ஊசி. கல்யாணமாகி வேறு ஊர் போகும்வரை அவளை நானே கூட்டிப்போனேன்.