பித்தளை புஷ் தேடிய ரோசா

“ம. ரோசா, வயது 49, க/பெ மார்ட்டின், நெல்லித்தோப்பு. தொழில்: தையல் (பெண்கள் உடை).”

அரசு அலுவலகம் ஒன்று முத்திரை குத்திக் கொடுத்த அட்டை இப்படிச் சொல்கிறது. பெயர் சரி, ஊர் சரி, மார்ட்டினும் சரிதான். ஆனால் ரோசாவுக்குத் தைக்கத் தெரியாது. அடக்கத்துக்காகச் சொல்வதல்ல, உண்மையிலேயே தெரியாது. கல்யாணமான புதிதில் மார்ட்டினின் பேண்ட் ஒன்றுக்குக் கால் மடித்துத் தைத்தாள். ஒரு கால் கணுக்காலோடு நின்றது, மறுகால் செருப்பைப் பெருக்கியது. மார்ட்டின் நல்ல மனுஷன். அதைப் போட்டுக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்தார். அதற்குப் பிறகு ரோசாவின் ரவிக்கைகூடத் தெருக்கோடி டெய்லரிடம்தான் போகிறது.

அவள் தொழில் வேறு. தோல் தைக்கும் மிஷின்களைப் பார்த்து வாங்கித் தருவாள், பழுது பார்ப்பாள், எங்கும் கிடைக்காத பாகங்களை எங்கிருந்தாவது தேடிப் பிடிப்பாள். அலுவலகத்திலும் இதைத்தான் சொன்னாள். குமாஸ்தா கணினியில் மேலும் கீழும் தேடிப் பார்த்தார். “அந்த மாதிரி ஒண்ணும் இதுல இல்லம்மா. தையல் மிஷின்னுதான சொல்றீங்க? தையல்னே போட்டுடறேன்” என்றார். பெண்கள் உடை என்பது அவராகச் சேர்த்த மரியாதை.

கைப்பைத் தொழிற்சாலை ஒன்றில் பதினாறு வருஷம் தோலுக்குப் பசை தடவியவள் ரோசா. மிஷின் நின்றுவிட்டால் மெட்ராஸிலிருந்து மெக்கானிக் வரும்வரை வரிசை முழுவதும் சும்மா உட்கார்ந்திருக்கும். சும்மா உட்காருவதும் அவளுக்குத் தெரியாத இன்னொரு வேலை. மூடியைக் கழற்றிப் பார்த்தாள். முதல் தடவை திட்டு விழுந்தது. இரண்டாம் தடவை மிஷின் ஓடியது. அதற்கப்புறம் மெக்கானிக்குக்குப் போன் போடுமுன் அவளைக் கூப்பிட்டார்கள். சம்பளம் மட்டும் கடைசிவரை பசைக்கு உரிய சம்பளமாகவே இருந்தது. தொழிற்சாலை மூடியபோது எல்லோரும் அழுதார்கள். ரோசா ஸ்பானர்களை, பிரான்சிலிருந்து நாத்தனார் கொண்டுவந்த பிஸ்கட் டப்பாவில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் கிளம்பினாள்.

இந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்த மறுவாரம், ஒரு புதன்கிழமை காலையில் கலைமகள் போன் செய்தாள். முதலியார்பேட்டையில் நான்கு பெண்களை வைத்துக்கொண்டு தோல் பை தைக்கிற பட்டறைக்காரி.

“அக்கா, சிலிண்டர் மிஷின் செத்துப்போச்சு. வீலு அசைய மாட்டேங்குது. நேத்து ஒரு மெக்கானிக்கு வந்து பாத்துட்டு, உள்ள மெயின் ஷாஃப்டே போச்சு, புதுசு வாங்கிடுங்கன்னு சொல்லிட்டாரு. தணிகாசலம் கடையில ஒண்ணு இருக்காம். நீ வந்து பாத்து சொல்லு, வாங்கிடறேன்.”

சிலிண்டர் மிஷின் என்றால் கையை நீட்டினாற்போல் அடிப்பாகம் உள்ள மிஷின். அந்தக் கைமேல் பையைச் சட்டைக்கைபோல மாட்டிச் சுற்றித் தைக்கலாம். கலைமகளிடம் மற்ற மிஷின்கள் மூன்று இருந்தாலும் பையை மூடித் தைக்க இது ஒன்றுதான். அறுபது பை வெட்டி, ஒட்டி, வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தது. கோயம்புத்தூர்க் கடைக்காரர் சனிக்கிழமை சாயங்காலப் பார்சலில் ஏற்றியாக வேண்டும் என்று சொல்லிவிட்டார். போன தடவையே நாலு நாள் தாமதம். இந்தத் தடவையும் தவறினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக வாட்ஸப்பில் கும்பிடு போட்டு அனுப்பியிருந்தார். அந்தக் கடை போனால் நான்கு பெண்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கலைமகளும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

தணிகாசலத்தின் கடை வழுதாவூர் சாலையில் இருக்கிறது. கலைமகளோடு வந்த ரோசாவைப் பார்த்ததும் அவர் முகத்தில் பரீட்சைக்கு உட்காரும் மாணவனின் களை வந்துவிட்டது.

“வாங்க மேஸ்திரியம்மா. இன்னைக்கு யாரு வூட்டுக் கல்யாணம்?”

இந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. பழைய மிஷின் பார்க்கப் போகும்போது ரோசா நூல் கேட்கமாட்டாள், தோலும் கேட்கமாட்டாள். பையிலிருந்து பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுப்பாள். நூலில்லாமல் வெறும் ஊசியால் அந்த அட்டையில் பத்துத் தையல் முன்னால் ஓட்டுவாள், பிறகு அதே வழியில் பின்னால் ஓட்டுவாள். பின்னால் வரும் ஊசி அதே ஓட்டைகளில் இறங்கினால் மிஷின் யோக்கியம். பக்கத்தில் புது ஓட்டை போட்டால் மேலே பெயிண்ட் எவ்வளவு பளபளத்தாலும் உள்ளே தேய்மானம். இந்த வழியில் புதுச்சேரியில் பல தம்பதிகளின் பெயர்கள் துளைபட்டிருக்கின்றன.

அன்று வில்லியனூர்க் கல்யாணம் ஒன்று துளைபட்டது. ரோசா பத்திரிகையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். பத்தே ஓட்டை. சக்கரத்தைக் கையால் சுற்றினாள், காதை வைத்துக் கேட்டாள், அடியில் விரலை விட்டுத் தடவினாள்.

“மிஷின் தங்கம்” என்றாள்.

தணிகாசலம் நிமிர்ந்து உட்கார்ந்தார். கலைமகள் கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அது அடகுக் கடைக்குப் போகத் தயாராகத்தான் வந்திருந்தது.

“ஆனா இப்ப வாங்காத, கலை” என்றாள் ரோசா.

“இன்னாம்மா இது! நல்லா இல்லன்னாலும் வாங்காதன்ற, நல்லா இருந்தாலும் வாங்காதன்ற!”

“கோச்சிக்காதீங்கண்ணே. உங்க மிஷின் எங்கயும் ஓடிப் போகாது. செத்தவ மூஞ்சிய நான் இன்னும் பாக்கல. அதுக்குள்ள ரெண்டாந்தாரம் பேச வந்துட்டோம். பாத்துட்டு, அடக்கம்தான்னா நாளைக்கே வர்றோம்.”

“வெள்ளிக்கிழமை வரைக்கும் வெச்சிருப்பேன். அப்புறம் கடலூர்ப் பார்ட்டிக்குத்தான்.”

முதலியார்பேட்டைப் பட்டறையில் மிஷின் ஒரு நல்ல வீட்டு மருமகளைப் போல இருந்தது. சந்தனம், குங்குமம், காய்ந்த சாமந்தி மாலை. ரோசா மாலையை எடுத்து ஓரமாக வைத்தாள். சக்கரத்தைப் பிடித்து அழுத்தினாள். மலை அசையுமா? டார்ச்சைப் போட்டு மேலே பார்த்தாள், பக்கவாட்டில் பார்த்தாள். பிறகு சந்தனப் பொட்டுகளை எண்ணினாள். ஐந்து.

“கலை, இந்தப் பொட்டெல்லாம் யாரு வெச்சது?”

“நான்தாங்க்கா. ஆயுத பூஜைக்கு மட்டும் இல்ல, வாரா வாரம் வெள்ளிக்கிழமை வெச்சிடுவேன். மூணு வருஷமா ஒரு வாரம் தப்பல.”

“எடம் எப்படிப் பாத்து வெப்ப?”

“அதான் கம்பெனிக்காரனே செவப்பா வட்டம் போட்டுக் காட்டியிருக்கானே. அது மேலயே வெச்சிடுவேன். பாக்க அழகா இருக்கும்.”

சிவப்பு வட்டம் எண்ணெய் விடும் துளைக்கு அடையாளம். இங்கே எண்ணெய் விடு என்று சொல்வதற்காக உலகத்தின் மறுகோடியில் யாரோ ஒரு தொழிலாளி சிவப்பு பூசியிருக்கிறான். பொட்டு வைக்க இடம் விட்டிருக்கிறான் என்று முதலியார்பேட்டையில் ஒருத்தி அதை நம்பிவிட்டாள். மூன்று வருஷச் சந்தனம் அடுக்கடுக்காக இறங்கிக் காய்ந்து, கார்க் போல அடைத்துக்கொண்டிருந்தது. எண்ணெய் மேலே வழிந்ததே தவிர ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. பக்தி குறைந்த பட்டறையில் இந்த மிஷின் இன்னும் இருபது வருஷம் ஓடியிருக்கும்.

பிஸ்கட் டப்பாவிலிருந்து கோணூசியை எடுத்து ஒரு பொட்டைத் தோண்டினாள். விரல் நீளத்துக்கு மஞ்சளாக ஒரு குச்சி வந்தது. கலைமகள் அதைப் பார்த்தாள், மிஷினைப் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

“நானே கொன்னுட்டேனாக்கா?”

“மாதா கோயில்காரி சொல்றாளேன்னு நெனைக்காத. நீ சாமிக்குப் பொட்டு எங்க வெப்ப? நெத்தியிலதான? இதுக்கு வாயில வெச்சிருக்க. சோறு எப்படி உள்ள போவும்?”

ஒட்டு வேலை செய்த நான்கு பெண்களும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். கலைமகளுக்கும் அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது. பூஜை நின்றுவிடக் கூடாது என்பதற்காக மிஷினின் நெற்றி எது என்று ரோசாவே தொட்டுக் காட்டினாள்.

ஐந்து துளையிலும் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தார்கள். மத்தியானத்துக்கு மேல் சக்கரம் முனகிக்கொண்டு அசைந்தது. மெயின் ஷாஃப்ட் போகவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் சரியாகிவிடும். ஷாஃப்டைத் தாங்கும் பித்தளை வளையம், புஷ் என்பார்கள், அதுதான் காய்ந்து உரசி உரசிக் கிழிந்திருந்தது. பெரிய நெல்லிக்காய் அளவுச் சாமான். அது கிடைத்தால் மிஷின் பிழைக்கும், கிடைக்காவிட்டால் சங்கிலி அடகுக்குப் போகும்.

ரோசா அதைப் படம் எடுத்துப் பெரியமேடு, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று எல்லாத் திசைக்கும் அனுப்பினாள். அந்த மாடல் நின்று இருபது வருஷம் ஆச்சு என்று ஒருவர் எழுதினார். இன்னொருவர் கும்பிடும் கை ஒன்றை மட்டும் அனுப்பினார். புதிதாகக் கடைந்து தரக்கூடிய லேத் பட்டறைக்காரர் தங்கை மகள் காதுகுத்துக்காகத் திண்டிவனம் போயிருந்தார், திங்கட்கிழமைதான் வருவார். காதுகுத்தைத் தள்ளிப்போடச் சொல்ல முடியாது.

வியாழக்கிழமை காலை தேநீர் குடிக்கும்போதுதான் பிள்ளைச்சாவடி பக்கிரி ஞாபகத்துக்கு வந்தார். லாரித் தார்ப்பாயும் படகு மூடும் பாயும் தைக்கிறவர். அவர் ஓட்டுவது இதே மாடல். அது கெட்டால் பாகம் எடுத்துக்கொள்ளலாம் என்று இன்னொரு செத்த மிஷினையும் வாங்கி மூலையில் போட்டிருந்தார். ரோசா ஸ்கூட்டியை நேராக அங்கே விட்டாள்.

“குடுக்க மாட்டேன்” என்றார் பக்கிரி, அவள் கேட்டு முடிப்பதற்குள். “வலது கை போனா எடது கை வேணும்ல? நீயே மூணு வருஷம் முன்ன இதான சொன்ன? பாகம் கெடைக்காது, வெச்சுக்கோன்னு?”

சொன்னது உண்மைதான். தன் புத்திமதி தனக்கே எதிராக நிற்பதைப் பார்த்து ரோசாவுக்குச் சிரிப்பு வந்தது. வேறு வழியில்லாமல் அவர் ஓட்டுகிற மிஷினைக் கொஞ்சம் கவனித்தாள். தைத்த தார்ப்பாயில் நாலு தையலுக்கு ஒன்று விட்டுப்போயிருந்தது.

“இன்னாண்ணே, தையல் வுட்டு வுட்டு வுழுது?”

“ரெண்டு மாசமா இப்படித்தான். நூலு மாத்திட்டேன், ஹூக்கு மாத்திட்டேன். அந்த மூலை மிஷின்ல இருந்துதான் ஹூக்க எடுத்தேன். அப்பவும் வுடுது. மீனுக்காரனுங்க என் பாயில மழை ஒழுவுதுன்றானுங்க.”

ரோசா குனிந்து ஊசியைப் பார்த்தாள். ஊசி ஒரு நூல் அளவு திரும்பி மாட்டியிருந்தது. அவ்வளவுதான். நேராக்கி இறுக்கினாள், தார்ப்பாயை ஒரு முழம் ஓட்டினாள். ஒரு தையல்கூட விடவில்லை.

“கண்ணாடி போட்டுக்கிட்டு ஊசி மாட்டுங்கண்ணே.”

“கண்ணாடி போட்டா வயசாயிடுச்சும்பானுங்க.”

“உங்களுக்கு இப்ப எத்தினி வயசு?”

“எழுவத்தொண்ணு.”

முதலில் சிரித்தது பக்கிரிதான். “எடும்மா தங்கச்சி, எடுத்துக்கினு போ. அந்த புஷ்ஷு என்னைக்காவது எனக்கு வேணும்னா நீதான் தேடித் தரணும்” என்று மூலையைக் காட்டினார். புஷ் சுலபத்தில் வரவில்லை. எண்ணெய் விட்டு, மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி எடுப்பதற்குள் மத்தியானச் சாப்பாடு ஆகிவிட்டது. பக்கிரி வீட்டு வஞ்சிரக் குழம்பையும் அவள் மறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து ரோசா முதலியார்பேட்டையில் குனிந்த தலை நிமிரவில்லை. புஷ்ஷை உள்ளே இறக்கும்போது அதன் ஓட்டையும் மிஷினின் எண்ணெய்த் துளையும் நேருக்கு நேர் வர வேண்டும். மயிரிழை தவறினாலும் மறுபடி அடைப்புதான். இரண்டு தடவை தவறியது. மூன்றாம் தடவை எண்ணெய் விட்டதும் அடியில் சொட்டியது. ஊசி மேலே எழும்பும் நேரத்தில் ஹூக் வந்து நூலைப் பிடிக்கும்படி சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றிச் சரிபார்த்தாள். பதினொரு மணிக்குத் தணிகாசலம் போன் செய்தார். கடலூர்ப் பார்ட்டி வந்து உட்கார்ந்திருக்கிறது, என்ன சொல்கிறீர்கள் என்றார். கலைமகள் போனைக் கையில் வைத்துக்கொண்டு ரோசாவின் முதுகைப் பார்த்தாள்.

“குடுத்துடச் சொல்லு” என்றது முதுகு.

கலைமகள் சொல்லிவிட்டாள்.

மூன்று மணிக்குக் கலைமகளே உட்கார்ந்து பெடலை மிதித்தாள். மிஷின் இருமவில்லை, முனகவில்லை. முதல் பையின் வாய் பிசிறில்லாமல் மூடிக்கொண்டது. நான்கு பெண்களும் மாறி மாறி உட்கார்ந்தார்கள். நன்றி சொல்வதற்காகக் கலைமகள் ரோசாவை ஒரு பை தைத்துப் பார்க்கச் சொன்னாள். ரோசா தைத்தாள். அந்தப் பையை ஓரமாக எடுத்துவைத்துவிட்டு, பிரித்து மறுபடி தைக்கும்படி ஆயிற்று.

சனிக்கிழமை சாயங்காலப் பார்சல் வண்டியில் அறுபது பையும் கோயம்புத்தூர் போயின. ரோசா செய்தது இவ்வளவுதான்: ஐந்து துளைகளைத் தோண்டினாள், ஒரு புஷ்ஷை மாற்றினாள், கலைமகளின் மிஷினை வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஓடவைத்தாள்.