கண்ணை மூடினால் விழுபவள்

பாம்பனில் நான் ஆசிரியையாக இருந்த பள்ளியில்தான் என் மூத்த மகளும் படித்தாள். பன்னிரண்டு வயதில் அவள் தலை நிமிராமல், தன் பாதங்களைப் பார்த்தபடியே நடக்கத் தொடங்கினாள். நல்ல அடக்கமான பிள்ளை என்று தெருவில் சொன்னார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பார்க்காவிட்டால் பாதம் எங்கே இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியவில்லை என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

காலையில் பிள்ளைகள் வரிசையாக நின்று, கண்ணை மூடிச் செபம் சொல்வார்கள். ஒரு நாள் செபம் தொடங்கியதும் அவள் பக்கத்துப் பெண்மேல் சாய்ந்து விழுந்தாள். மறுநாளும் விழுந்தாள். "தஞ்சாவூர் பொம்மைகூட விழுந்தா தானா எந்திரிக்கும்டி" என்று ஒருத்தி சொல்ல, வரிசையே சிரித்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலும் அப்படியே.

என் நாத்தனார்தான் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தாள்.

"மதினி, நல்லாப் பாருங்க. கண்ணத் தொறந்து நின்னா நிக்கிறா. சாமி கும்பிட மூடுனா விழுறா. உள்ள என்னமோ இருக்கு, கும்பிட விடமாட்டேங்குது."

முகத்துக்குச் சோப்புப் போடும்போதும் மகள் தடுமாறுவதை நான் பார்த்திருந்தேன். படித்தவள், இரண்டையும் சேர்த்து யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

தவக்காலம் வந்தது. கடற்கரையோரம் இருந்த மாதா கோயிலில் மூன்று நாள் தங்கி அவளை ஒருசந்தி இருக்கவைப்பது என்று முடிவு செய்தோம். ஒருசந்தி என்றால் பெரியவர்களுக்கே ஒரு வேளைச் சாப்பாடு உண்டு. அவளுக்குத் தண்ணீர் மட்டும். என் கணவர் வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் மாலை அவள் என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு வாய் சோறு தாங்கம்மா. காலு ரெண்டும் என்னமோ செய்யுது."

எழுந்தேன். நாத்தனார் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்க மதினி. கேக்குறது அவ இல்ல."

உட்கார்ந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் வாந்தியும் மூச்சிரைப்பும் வந்தன. தூக்கி நிறுத்தியபோது, கண் திறந்திருந்தும் கால்கள் மடங்கின. என் கணவரும் நானும் அவளை ரயிலில் மதுரைக்குக் கொண்டுபோனோம்.

அங்கே ஒரு டாக்டர் அவளைக் கண்ணை மூடச் சொல்லி, கால் கட்டைவிரலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தார். "இப்ப மேல இருக்கா, கீழ இருக்கா?"

"இன்னும் நீங்க பிடிக்கவே இல்லையே" என்றாள் மகள்.

கால் இருக்கும் நிலையை மூளைக்குச் சொல்லும் நரம்புகள் முதுகுத்தண்டின் பின்பக்கமாக மேலே போகின்றன, அவை அழிந்து வருகின்றன என்று விளக்கினார். இத்தனை நாள் அந்த வேலையைக் கண்தான் செய்திருக்கிறது. பிறகு என் முகத்தையே பார்த்தார். என் இடது கண்ணிமை சிறு வயதிலிருந்தே தொங்கியிருக்கும். என் வழியில் வேறு யாருக்காவது ஏதாவது உண்டா என்று கேட்டார். மீன்பிடி வள்ளத்தில் ஏறக்கூடத் தெம்பில்லாமல் போய், பதினாறு வயதில் இறந்துபோன என் தம்பியைப் பற்றிச் சொன்னேன்.

"திங்கிற சோறு சக்தியா மாறுற இடத்துலயே கோளாறு இருக்கலாம்மா. அப்படின்னா மொதல்ல நரம்புதான் அடிவாங்கும். இது என் ஊகம்தான். இதுக்கு இன்னும் பேருகூட இல்ல."

"பட்டினி போட்டதாலயா டாக்டர்?"

"முன்னாலயே பழுதாகிக்கிட்டுதான் இருந்திருக்கு. பட்டினி அத முடுக்கிவிட்டிருக்கலாம். இல்லன்னு என்னால சொல்ல முடியாது."

அவள் மறுபடி நடக்கவில்லை. இளையவளுக்கு இப்போது ஏழு வயது. அவள் கால் இடறினால்கூடக் கண்ணை மூடி நிற்கச் சொல்லிப் பார்க்கிறேன். மூத்தவளுக்கு இரண்டு மணிக்கு ஒருமுறை ஏதாவது ஊட்டுகிறேன். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் நான் பள்ளிக்குப் போவதில்லை.

போன மாதம் ஒரு மத்தியானம், கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்: "அன்னைக்குக் கோயில்ல சோறு கேட்டது நான்தாம்மா."

"தெரியும்" என்றேன்.

"அப்பவே தெரியுமா?"

வாய்க்கருகே கொண்டுபோன கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.