எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கல்லூரி

பி.யு.சி. ரிசல்ட் வந்த வாரத்தில் நானும் என் சிநேகிதியும் விலங்கியல் ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் மருத்துவக் கல்லூரிகளைப் பட்டியல் போட ஆரம்பித்தோம். முன்பக்கங்களில் தவளையின் ரத்த ஓட்டமும் கரப்பான் பூச்சியின் வாய் உறுப்புகளும் இருந்தன. மிச்சமிருந்த வெற்றுத் தாள்களை வீணாக்க எங்களுக்கு மனமில்லை.

அறுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. என் அப்பா கவரைப்பேட்டை ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன். வண்டி வரும்போது தண்டவாளத்தை மாற்றிவிடும் வேலை. எங்கள் குடும்பத்தில் அவருக்கு முன்னால் எல்லோரும் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அப்பாதான், காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். என் சிநேகிதி ஆரம்பாக்கத்துப் பெண். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அவளுடைய அப்பா பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்கிறவர்களுக்கு வலை நூலும் கயிறும் விற்கிற கடை வைத்திருந்தார். நைலான் நூல் வந்து பருத்தி நூலை ஓரங்கட்டிக்கொண்டிருந்த காலம். அவள் புத்தகத்தைத் திறந்தால் கயிற்று வாசனை வரும்.

காலை பாசஞ்சரில் அவள் ஆரம்பாக்கத்திலேயே ஏறி எனக்கு ஜன்னலோரம் இடம் போட்டு வைத்திருப்பாள். கரி எஞ்சின். மெட்ராஸ் போய்ச் சேரும்போது இருவர் தாவணியிலும் கரிப்புள்ளிகள் இருக்கும். பொன்னேரியில் மீன்கூடைக்காரிகள் ஏறியதும் பெண்கள் பெட்டியில் கால் வைக்க இடமிருக்காது. அந்த நெரிசலில் மடிமேல் நோட்டை வைத்துக்கொண்டுதான் ஒரு வருஷம் படித்தோம். பட்டியலை ஆரம்பித்ததும் அங்கேயேதான். ரிசல்ட்டுக்குப் பிறகும் சர்ட்டிஃபிகேட், விண்ணப்பம் என்று காலேஜுக்கு அலைய வேண்டியிருந்தது.

நம் மாநிலத்துக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் சீட்டு குறைவு, போட்டி அதிகம். அதனால் வெளி மாநிலங்களையும் பார்த்தோம். காலேஜ் லைப்ரரியில் சில கல்லூரிகளின் விவரப் புத்தகங்கள் இருந்தன. அவற்றைப் பார்த்து நோட்டில் கட்டம் போட்டு எழுதினோம். எந்த ஊர், வெளியாட்களைச் சேர்ப்பார்களா, கடைசித் தேதி என்ன, ரயில் போகுமா.

ரயில் கட்டம் என்னுடைய யோசனை. அப்பாவுக்குக் குடும்பத்துக்கென்று ரயில்வே பாஸ் உண்டு. பாஸில் போக முடியாத ஊர் என் பட்டியலில் நிற்காது. மேற்குக் கடற்கரைப் பக்கம் ஒரு கல்லூரி இருந்தது. கட்டடப் படமெல்லாம் போட்டு அழகான புத்தகம். நன்கொடை என்ற சொல்லை அதில் படித்ததும் இருவரும் அதை அலமாரியிலேயே திருப்பி வைத்தோம். வடக்கே ஒரு மிஷன் கல்லூரி இருந்தது. சபையின் சிபாரிசுக் கடிதம் கேட்டார்கள். நான் கிறிஸ்தவள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவள் என்பதால் எனக்கு அது கிடைக்கலாம், அவளுக்குக் கிடைக்காது.

"அப்ப இது வேணாம்டி. எனுக்கு இல்லாதது உனுக்கு எதுக்கு?" என்று அவள் சிரித்தாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். "சரி, ரெண்டு பேரும் போட முடியிற காலேஜுக்குத்தான் போடணும். சத்தியமா?" என்று கையை நீட்டினேன். அவள் கையில் அடித்தாள். பதினேழு வயது எங்களுக்கு.

பட்டியலில் மிச்சமிருந்தவற்றில் ஒன்று ஆந்திராவில், எங்கள் ஊரிலிருந்து அரை நாள் பயணத்தில் இருந்த அரசுக் கல்லூரி. அந்த மாநிலத்து ஆட்களுக்குத்தான் அங்கே சீட்டு. என் சிநேகிதி பிறந்தது அவள் அப்பாவின் சொந்த கிராமத்தில். அவள் பிறந்தபோது அது செங்கல்பட்டு ஜில்லா. பிறகு இரண்டு மாநிலங்களும் எல்லையைத் திருத்திக்கொண்டபோது அந்தக் கிராமம் ஆந்திராவுக்குப் போய்விட்டது. அவர்களுடைய பூர்வீக வீடும் வயலும் இன்னும் அங்கேதான். ஆகவே அவள் அங்கே உள்ளூர்க்காரி. நான் கட்டத்தில் அந்தக் கல்லூரிக்கு நேராக ஒரு கோடு போட்டு அடித்தேன். சத்தியம் சத்தியம்தானே. அவள் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சர்ட்டிஃபிகேட் நகல்களில் கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து வேண்டும். பொன்னேரி ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் கொடுத்திருந்தோம். அவர் எங்களுக்குத் தெரிந்தவராக ஆனதற்கு ஒரு காரணம் உண்டு. என் தங்கை பிறக்கிற சமயத்தில் அம்மாவுக்கு வலி வந்து பாதி நாளாகியும் குழந்தை வரவில்லை. கவரைப்பேட்டையில் அப்போது டாக்டர் கிடையாது. அடுத்த பாசஞ்சருக்கு நேரமிருந்தது. சிக்னலுக்காக நின்ற கூட்ஸ் வண்டியின் கார்டிடம் அப்பா ஓடிப்போய்ச் சொல்ல, அவர் தன் பெட்டியிலேயே அம்மாவை ஏற்றிக்கொண்டார். நானும் கூடப் போனேன், எனக்குப் பத்து வயது. பொன்னேரியில் வண்டியை நிறுத்தி, ஸ்டேஷன் பெஞ்சிலேயே அம்மாவைப் படுக்கவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டரம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனதும், சற்று நேரத்தில் கதவுக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுததும் இன்றைக்கும் மறக்கவில்லை.

ஒரு புதன்கிழமை எங்கள் இருவருடைய நகல்களையும் வாங்கி வர நான் மட்டும் போனேன். டாக்டரம்மா கவரைக் கொடுத்துவிட்டு, "உன் ஃப்ரெண்டு ஆந்திரா ஃபாரத்துக்கு நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கிட்டுப் போனாளே, அனுப்பிட்டாளா? வெள்ளிக்கிழமை கடைசி நாள்னு ஃபாரத்துல பார்த்தேன்" என்றார்.

எனக்குத் தெரியாத விஷயம். "அனுப்பிட்டா மேடம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. திரும்பி வரும்போது முதலில் கோபம் வந்தது, என்னிடம் மறைத்துவிட்டாளே என்று. மறுநாள் காலை ரயிலில் அவளைப் பார்த்தேன். நான் கேட்காமலே, சத்தியத்தை மனதில் வைத்துப் பேசுகிறவள்போல, "எனுக்கு மெட்ராஸ் கெடைச்சா போதும்டி" என்றாள். அவள் அனுப்பவில்லை என்று அப்போதே புரிந்துவிட்டது. அவளுடைய அப்பாவின் வற்புறுத்தலுக்காக ஃபாரத்தை நிரப்பியிருக்கிறாள், எனக்காக அனுப்பாமல் வைத்திருக்கிறாள். உள்ளே ஒரு சந்தோஷம் எழுந்தது. அதை மறைக்காமல் எழுத வேண்டும் என்றுதான் இதையெல்லாம் எழுதுகிறேன். அவளைவிட என் மார்க் அதிகம். எனக்கு இல்லாத கதவு ஒன்று அவளுக்கு இருந்தது. அது தானாகவே மூடிக்கொள்ளப் போகிறது, நான் சும்மா இருந்தால் போதும். இருந்தேன்.

காலேஜ் வேலை சீக்கிரம் முடிந்து இருவரும் வீடு திரும்பியிருந்தோம். அன்று மத்தியானம் அப்பா டூட்டி முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார். சோறு போட்டுவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டாக்டரம்மாவிடம் சொன்ன பொய்யையும் சேர்த்து.

அப்பா என்னைத் திட்டவில்லை. "நாளைக்கு இன்னா நேரத்துக்குள்ள குடுக்கணும்?" என்று மட்டும் கேட்டார்.

"சாயங்காலம் அஞ்சு மணி."

"தபால்ல போட்டா போய்ச் சேராது. இப்ப ஆரம்பாக்கம் போ. மூணு மணி வண்டியில ஏறிக்கோ. நான் கார்டு கையில சொல்றேன்." தட்டில் தண்ணீர் ஊற்றிக் கைகழுவிவிட்டு, சட்டையை மறுபடியும் மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்.

ஆரம்பாக்கத்தில் அவள் கடையிலேயே இருந்தாள், நூல் கண்டுகளை அடுக்கிக்கொண்டு. அவளுடைய நைனா, அப்பாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள், ஒரு செம்படவருக்குக் கயிறு அளந்துகொண்டிருந்தார். நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டிருக்கலாம். படபடப்பில் வாசலிலிருந்தே, "ஆந்திரா ஃபாரம் எங்கடி?" என்று கேட்டுவிட்டேன்.

நைனாவின் கை நின்றது. "அது அப்பவே போஸ்ட் பண்ட்டியேம்மா" என்றார் மகளிடம்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "இல்ல நைனா. பொய் சொன்னேன்."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கயிற்றைச் சுருட்டி அந்த ஆளிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தார். "எதுக்கும்மா?" என்றார் மெதுவாக. அவள் என்னைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன், சத்தியம் வாங்கியது நான் என்று. அவர் எழுந்து அளவுகோலை ஆணியில் மாட்டினார். பிறகு, "இன்னிக்கி இங்கயே படுத்துக்கோ. காலையில மூணு பேரும் போவலாம். சத்தியம் வாங்குன வாயே சத்தியம் வேணாம்னு சொன்னாத்தான் இவ வருவா" என்றார்.

மறுநாள் விடியற்காலை வண்டியில் கூடூர் போய், அங்கே வேறு வண்டி மாறிப் போனோம். அவள் கூடூர் வரைக்கும் என்னோடு பேசவில்லை. மாறிய வண்டியில் நைனா இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து, "நாஷ்டா துன்னுங்க, அப்பறம் சண்ட போட்டுக்கலாம்" என்றார். என் பொட்டலத்தில் சட்னி கொட்டிப் போயிருந்தது. அவள் தன்னுடையதை என் பக்கம் நகர்த்தினாள். அத்துடன் சண்டை முடிந்தது.

கல்லூரி அலுவலகத்தில் வரிசை நின்றது. எங்கள் முறை வந்தபோது மூன்று மணிக்கு மேல் ஆகிவிட்டது. குமாஸ்தா தாள்களைப் புரட்டிப் பிறப்புச் சான்றிதழில் விரலை வைத்தார். "செங்கல்பட்டு ஜில்லான்னு இருக்கு. இது மெட்ராஸ் ஆச்சே" என்று தெலுங்கில் சொன்னார். எனக்கு அவ்வளவு தெலுங்கு புரியும். நேற்று வரை எது நடந்தால் தேவலை என்று இருந்தேனோ அது நடக்கப் போகிறது, ஆனால் இப்போது எனக்கு அது வேண்டாமாக இருந்தது.

நைனா ஜன்னலுக்குள் தலையை நீட்டி, "ஊரு நவரல சார், கோடுதான் நவந்துச்சி" என்று தெலுங்கில் சொல்லி, அடியிலிருந்த தாசில்தார் சான்றிதழை எடுத்து மேலே வைத்தார். அதில் சித்தூர் ஜில்லா என்று முத்திரை இருந்தது. குமாஸ்தா உள்ளே எழுந்து போய் யாரிடமோ காட்டினார். திரும்பி வர எவ்வளவு நேரமானது என்று தெரியாது. நாங்கள் மூவரும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வந்தார், ரசீதில் சீல் குத்தினார். பிறகு என்னைப் பார்த்து, "மீ அப்ளிகேஷன் ஏதம்மா?" என்றார். உன்னுடையது எங்கே என்று கேட்கிறார். இல்லை என்று தலையை ஆட்டினேன். என் சிநேகிதி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்கு அங்கே சீட்டுக் கிடைத்தது. மெட்ராஸில் இருவருக்குமே இன்டர்வியூ வந்தது, அவள் போகவில்லை. நான் போனேன். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். "ஏன் டாக்டராக வேண்டும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். கூட்ஸ் வண்டியையும் ஸ்டேஷன் பெஞ்சையும் நான் சொல்லியிருக்கலாம். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல வரவில்லை. மனப்பாடம் செய்து வைத்திருந்த இரண்டு வாக்கியங்களைச் சொன்னேன், ஏழைகளுக்குச் சேவை என்று. எனக்கு முன்னால் போனவளும் அதையே சொன்னதாக வெளியே தெரிந்தது. காத்திருப்போர் பட்டியலில் பெயர் வந்தது. ஆகஸ்ட் முடியும்வரை தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடினேன். அதற்குமேல் ஓடவில்லை. மிஷன் கல்லூரிக்கு மறுவருஷம் விண்ணப்பித்தேன். சபையில் அந்த வருஷம் வேறொரு பையனுக்குச் சிபாரிசு கொடுத்துவிட்டார்கள்.

ஒருநாள் டாக்டரம்மாவே அழைத்து, லேப் டெக்னீஷியன் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னார். சேர்ந்தேன். எழுபதுகளில் எங்கள் பக்கம் நிலங்களை எடுத்து ஃபாக்டரிகள் வர ஆரம்பித்தபோது நான் அரசு ஆஸ்பத்திரியில் மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்து மலேரியா ஸ்லைடு பார்த்துக்கொண்டிருந்தேன். வயலில் களை பறித்துக்கொண்டிருந்தவர்கள் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வந்து விரலை நீட்டினார்கள். என் சித்தப்பாவும் அதில் ஒருவர். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று சொன்னால்தான் பொய்.

அவள் ஹாஸ்டலிலிருந்து கடிதம் எழுதுவாள். முதல் ஆறு மாதம் தமிழிலும் தெலுங்கிலும் மாற்றி மாற்றி ஒரே புலம்பல். அங்கே எல்லோரும் அவளை அரவப் பெண் என்று கூப்பிட்டார்களாம், தமிழ்ப் பெண் என்று. இங்கே நாங்கள் அவளைத் தெலுங்குக்காரி என்போம். எலும்புகளின் படம் வரைந்து பெயரெழுதி அனுப்புவாள். நான் அவற்றை லேப் அலமாரியில் ஒட்டி வைத்தேன்.

படிப்பு முடிந்து ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஒருமுறை லீவில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். அம்மா வஞ்சிர மீன் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு ஸ்டேஷன் கோடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அந்த வியாழக்கிழமை ரயிலில் அவளைப் பார்த்தபோதே எனக்கு விஷயம் தெரியும், தெரிந்தும் சும்மா இருந்தேன், சந்தோஷப்பட்டேன் என்று சொன்னேன்.

அவள் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டாள். பிறகு, "நீ ஒரு நாளு தானடி சும்மா இருந்த. நான் பத்து நாளா அத்த பொட்டிக்குள்ள வெச்சிக்கினு, அனுப்பலாமா வேணாமான்னு பேஜாரா இருந்தேன். உனுக்காவ மட்டும்னு நெனச்சிக்கினு இருக்காத. எனுக்குப் போவ பயமா இருந்துச்சி" என்றாள்.

அதுவரை நான் அப்படி யோசித்ததே இல்லை. சாயங்கால பாசஞ்சருக்கு மணி அடித்தார்கள். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, அம்மாவிடம் சொல்லிக்கொண்டு வருவதாக வீட்டுப் பக்கம் நடந்தாள். நான் அவளுக்கு டிக்கெட் வாங்கப் போனேன்.