பரங்கிமலையில் அம்மாவுக்கு ஒரு பூசை

சென்ற நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை அப்பா போன் செய்து, "நாளைக்கு மலைக்குப் போலாமா ஜெனி?" என்றார். நாவலூர் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டிருந்த எனக்கு, எந்த மலை என்று கேட்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. எங்கள் வீட்டில் மலை என்றால் பரங்கிமலைதான். அப்பா அதில் ஏறியதே இல்லை.

அம்மா பிறப்பால் ஆர்.சி., அதாவது கத்தோலிக்கர். அப்பா புராட்டஸ்டண்ட், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், சபையில் ஞாயிறு பள்ளி நடத்துபவர். கல்யாணத்தோடு அம்மா அவருடைய சபைக்கே வந்துவிட்டாள். வருடம் ஒருமுறை மாதா திருவிழாவுக்கு மட்டும் மலை ஏறுவாள். அப்பா அடிவாரத்தில் ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்.

ஆகஸ்டில், ஆஸ்பத்திரியில், அம்மா அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "நான் போனப்புறம் மலையில எனக்கு ஒரு பூசை வச்சிடுங்க." அப்பா அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். இறந்தவர்களுக்காக ஜெபிக்கக் கூடாது என்று வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அம்மா போய்ச் சேர்ந்தாள். முப்பதாம் நாளும் வந்து போனது. நானே போய்ப் பூசைக்குக் கொடுத்துவிடலாம்தான். ஆனால் அவள் கேட்டது என்னிடம் இல்லையே.

அஸ்தினாபுரம் வீட்டிலிருந்து குரோம்பேட்டை ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ. அங்கிருந்து மின்சார ரயில், டிக்கெட் ஐந்து ரூபாய், கால் மணி நேரப் பயணம். (சனிக்கிழமை ஆறரை மணிக்கெல்லாம் போனால் உட்கார இடம் கிடைக்கும். அதற்கு மேல் ஆண்டவர் விட்ட வழி.) பரங்கிமலை ஸ்டேஷனிலிருந்து அடிவாரத்துக்கு ஆட்டோ நூறு ரூபாய்.

"மேல வரிக்கும் ரோடு கீது சார். இன்னாத்துக்குப் படி ஏறிகினு?" என்றார் டிரைவர்.

"அவ படியிலதான் ஏறுவா" என்றார் அப்பா. டிரைவர் என்னைப் பார்த்தார். நான் ரூபாயை எடுத்து நீட்டினேன்.

நூற்று முப்பது சொச்சம் படிகள். வழியில் இயேசுவின் பாடுகளைக் காட்டும் சிலுவைப்பாதை நிலைகள் இருப்பதால் அங்கங்கே நிற்க ஒரு சாக்கு கிடைக்கும். உச்சியில் போர்த்துக்கீசியர் கட்டிய சின்னக் கோயில், பக்கத்தில் கன்னியர் மடம். பீடத்தில் இருக்கும் கல் சிலுவையைப் புனித தோமாவே செதுக்கியதாகச் சொல்கிறார்கள். மதிலோரம் நின்றால் மீனம்பாக்கத்தில் விமானம் இறங்குவது தெரியும். அப்பா எதையும் பார்க்கவில்லை.

பூசைக் கருத்து, அதாவது யாருக்காக எதற்காகப் பூசை என்று, எழுதிக்கொள்ளும் இடத்தில் ஒரு அக்கா இருந்தார். "நன்றிப் பூசையா சார், இறந்தவங்களுக்கான ஆத்தும இளைப்பாற்றியா?"

அப்பா விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டார்.

"அவ கர்த்தர்கிட்ட இருக்கா. இதுக்கு மேல நான் கேக்க என்ன இருக்கு?"

"சரிப்பா, போயிடலாம்" என்றேன், மனசே இல்லாமல்.

அவர் நகரவில்லை. "ஆனா அவ கேட்டாளேம்மா" என்றார். குரல் உடைந்துவிட்டது. அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான், அடக்கத்தன்றுகூட அழவில்லை. கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்ப உள்ளே போனார். "செலின். என் ஒய்ஃப். ஆத்தும இளைப்பாற்றி."

பூசையில் சாமியார் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார். செலின் என்றதும், எல்லோரும் உட்கார்ந்திருக்க, அப்பா மட்டும் எழுந்து நின்றார். கடைசிப் பெயர் முடியும்வரை நின்றுகொண்டே இருந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: வெயிலுக்கு முன் ஏறிவிடுங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள். முட்டி வலி இருந்தால் வீம்பு வேண்டாம், வண்டிப் பாதை இருக்கிறது. பூசை நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். இறந்தவருக்காகப் பூசை கொடுக்கப் போய், முடியாமல் வெளியே வந்துவிட்டாலும் பரவாயில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறுபடி உள்ளே போகலாம், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

திரும்பும் ரயிலில் பல்லாவரம் வந்தது. அப்பா, "என்னை நம்ம சபையிலதான் அடக்கம் பண்ணணும். அதுல மாத்தமில்ல" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அப்புறம் ஒருநாள் சத்தமில்லாம மலைக்கு வந்து எனக்கும் ஒண்ணு குடுத்துடு."

நான் தலையாட்டினேன்.

"செலின் புருஷன்னு சொல்லு. அங்க அவளைத்தான் தெரியும்."