பன்னிரண்டரை மணி பஸ்ஸில் போன செய்தி

2001-ம் ஆண்டு, பொங்கல் கழிந்த இரண்டாவது சனிக்கிழமை. கொல்லிமலையில், அரியூர் நாடு என்ற ஊர்த்தொகுதியைச் சேர்ந்த ஒரு கிராமத்தில் இது நடந்தது. அப்போது நான் நாமக்கல்லில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தேன்.

அடிவாரத்துப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி. அங்கே சிறப்பு விரிவுரைக்காக இரண்டு பேரை அழைத்திருந்தார்கள். இருவரும் பவர் எலெக்ட்ரானிக்ஸ் துறையில் பெயர் பெற்றவர்கள். மோட்டார் முதல் ரயில் எஞ்சின் வரை எதற்கு எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் படிப்பு அது. ஒருவர் வடநாட்டுப் பேராசிரியர், அறுபதை ஒட்டிய வயது. இன்னொருவர் அவருடைய ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை செய்யும் மதுரைப் பக்கத்துப் பெண். முப்பத்தைந்து வயது இருக்கலாம். ஐந்து நாள் நிகழ்ச்சியில் நான்கு நாள் கல்லூரியிலேயே நடந்து முடிந்தது.

அவர்கள் கையோடு ஒரு பெட்டியும் அதற்கேற்ற மோட்டாரும் கொண்டுவந்திருந்தார்கள். வோல்டேஜ் குறைவாக வரும் ஊர்களில் மோட்டார் எரிந்துவிடாமல், மெதுவாகத் தொடங்கி ஓடச்செய்வது அந்தப் பெட்டியின் வேலை. கல்லூரி ஆய்வகத்தில் பிசகில்லாமல் ஓடியது. ஆனால் அந்தப் பெண்ணுக்குத் திருப்தி இல்லை. உங்கள் ஆய்வகத்தில் கரண்ட் ரொம்ப நன்றாக வருகிறது, இதில் ஓடினால் என்ன பெருமை, இந்த வட்டாரத்திலேயே மோசமான கரண்ட் எந்த ஊரில் வரும் என்று கேட்டிருக்கிறார். ஆய்வக உதவியாளர் ஒரு நொடிகூட யோசிக்காமல் தன் மாமனார் ஊரைச் சொன்னாராம்.

அந்த ஊரில் மகளிர் குழுவினர் சாமைக்கும் தினைக்கும் உமி நீக்கும் இயந்திரம் ஒன்றை நடத்தினார்கள். அதன் மோட்டார் இரண்டு தடவை எரிந்திருந்தது. எரிந்தால் கழற்றி, பஸ்ஸில் ஏற்றி, நாமக்கல்லுக்குக் கொண்டுபோய்ப் புதுக் கம்பிச்சுருள் கட்டிக்கொண்டு வர வேண்டும். அதுவரை வீட்டுக்கு வீடு உலக்கை பிடிக்க வேண்டும். ஐந்தாம் நாள் விரிவுரையை அங்கேயே வைத்துக்கொள்வது என்று முடிவானது. மாணவர்கள் நாற்பது பேர், துறை ஆசிரியர், இரண்டு விருந்தினர்கள், நான். இரண்டு வேன்களில் காரவள்ளியிலிருந்து மலை ஏறினோம். வடநாட்டுப் பேராசிரியர் முப்பதாவது கொண்டை ஊசி வளைவு வரை சத்தமாக எண்ணிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

இங்கே என் தொழில் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அன்று மலையிலிருந்து மறுநாள் பேப்பருக்குப் படத்தோடு செய்தி போக வேண்டுமென்றால் ஒரே வழிதான். எழுதியதையும் பிலிம் சுருளையும் கவரில் போட்டு, பன்னிரண்டரை மணி பஸ் கண்டக்டரிடம் கொடுக்க வேண்டும். நாமக்கல் பஸ் நிலையத்தில் எங்கள் ஆள் வாங்கி, பேப்பர் அச்சாகும் சேலத்துக்கு அனுப்புவார். அடுத்த பஸ் மாலையில்தான். அதில் போனால் பக்கம் முடிந்திருக்கும்.

மோட்டாரைப் பொருத்தி முடிக்கவே பதினொன்றரை ஆகிவிட்டது. அதற்குப் பிறகு முதலில் விரிவுரை, பின்பு செயல்விளக்கம் என்றார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அந்தப் பெண்ணையும் குழுத் தலைவியையும் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, சுவிட்சில் கை வைக்கச்சொல்லி, நான்கு படங்கள் எடுத்தேன். பிறகு வேனில் உட்கார்ந்து எழுதினேன். 'மலைக் கிராமத்தில் குறைந்த மின்அழுத்தத்திலும் உமி நீக்கும் இயந்திரத்தை வெற்றிகரமாக இயக்கிக் காட்டினர். பெண்கள் மகிழ்ச்சி.' பெண்கள் மகிழ்வார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பஸ் வந்தது. கவரைக் கொடுத்தேன். பஸ் போனது.

இதைப் பெரிய குற்றம் என்று அப்போது நான் நினைக்கவில்லை. திறப்பு விழா, பரிசளிப்பு விழா எல்லாவற்றுக்கும் பல நிருபர்கள் அப்படித்தான் செய்தார்கள். விழா நடக்காமலா போய்விடும் என்பது கணக்கு.

விரிவுரை இயந்திரக் கொட்டகைக்கு முன்னால் நடந்தது. பேராசிரியர் கொண்டுவந்த புரொஜெக்டர் அந்த வோல்டேஜில் மஞ்சளாக மினுங்கியதே தவிர, திரையில் ஒரு எழுத்தும் விழவில்லை. இதைவிட நல்ல முன்னுரை எனக்குக் கிடைக்காது என்றார் அவர். பள்ளிக்கூடத்துக் கரும்பலகையைத் தூக்கிவந்தார்கள். அவர் ஆங்கிலத்தில் பேச, அந்தப் பெண் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். ஊர்ப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் மாணவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து, மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மணிக்குச் செயல்விளக்கம். இந்தப் பெட்டி இருந்தால் சுமையோடுகூட மோட்டார் கிளம்பும் என்பதைக் காட்ட, அந்தப் பெண் முதலிலேயே இயந்திரத்தின் வாய் நிறையச் சாமையைக் கொட்டி, தானியத்தைத் தடுத்து வைக்கும் அடைப்புத் தகட்டையும் திறந்துவிடச் சொன்னார். சுவிட்சைப் போட்டார். ஒரு ரீங்காரம் கேட்டது. இயந்திரம் மெல்ல அசைந்தது. முனகியது. நின்றது. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி போட்டார்கள். மறுபடி சிவப்பு. மூன்றாம் தடவை அசையவேயில்லை.

எல்லோரும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் பஸ் இந்நேரம் எந்த வளைவில் இறங்கிக்கொண்டிருக்கும் என்று தெரிந்தது. ஓடாத இயந்திரத்தை ஓடியதாக, படத்தோடு நாளைக் காலையில் மாவட்டமே படிக்கப்போகிறது. இந்த ஊரிலும் படிப்பார்கள். என் வேலை போகும். அதைவிட, இனி எந்த ஊரிலும் நான் எழுதியதை நம்ப மாட்டார்கள்.

குழுத் தலைவி எழுந்து வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மிளகும் சாமையும் விளைவிக்கிறவர். இயந்திரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

"ஏனுங்க சாமி, வகுறு முட்டத் தின்னுட்டு எந்திரின்னா எப்படிங்க எந்திரிக்கும்?"

பின்னால் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் விளக்கினார். அவர்கள் முதலில் வெறும் இயந்திரத்தை ஓடவிடுவார்கள். சத்தம் ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் தானியத்தைத் திறந்துவிடுவார்கள். வேகமாகச் சுற்றும்போதுதான் தானியம் இயந்திரத்தின் உட்சுவரில் மோதி உமி கழலும். மெதுவாகச் சுற்றும்போது விட்டால் அப்படியே அடியில் போய் அடைந்துகொள்ளும்.

"இதை ஏங்க்கா முன்னாடியே சொல்லல?" என்றார் அந்தப் பெண்.

"நீங்க கேக்கலீங்களே கண்ணு. படிச்சவங்க, ஏதாச்சும் வெச்சிருப்பீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தோம்."

அந்தப் பெண்ணின் முகத்தைக் கூர்ந்து பார்த்தேன். நாற்பது மாணவர்களுக்கும் ஒரு ஊருக்கும் முன்னால் தோற்றவர் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்கிற தொழில் புத்தி. அவர் சிரித்தார். சமாளிக்கிற சிரிப்பு இல்லை. சுவையான ஒன்று கிடைத்தவரின் சிரிப்பு. சாக்பீஸை எடுத்துக்கொண்டு கரும்பலகைக்குப் போனார்.

"எல்லாரும் எழுதிக்குங்க. பெட்டி சரி, மோட்டார் சரி. தப்பு என்னோடது. மோட்டாரைப் பத்தி மட்டும் யோசிச்சேன், சாமையைப் பத்தி யோசிக்கல."

பலகையிலும் அதையே எழுதினார். பேராசிரியர் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். ஒரு மாணவர் மொழிபெயர்த்ததும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்துவிட்டு, இன்னும் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னார்.

பிறகு எல்லோரும் வேலையில் இறங்கினார்கள். இயந்திரத்தைப் பிரித்து அடைப்பை எடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து கையை உள்ளே விட்டுச் சாமையை வழித்தெடுத்தார். மாணவர்கள் முறம் பிடித்தார்கள். பிடிக்கத் தெரியாமல் பாதியைக் கீழே கொட்டி, ஊர்ப் பெண்களிடம் திட்டு வாங்கினார்கள். நடுவில் சாப்பாடு வந்தது. சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும். பேராசிரியர் மூன்றாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மூன்று மணிக்கு மேல் வெறும் இயந்திரத்தை ஓடவிட்டார்கள். ஓடியது. ஆனால் தானியத்தை எப்போது திறப்பது என்பதில் தலைவி தயங்கினார். "இது வண்டாட்டம் கத்துதுங்க. பழைய மோட்டாருன்னா காதுலயே தெரிஞ்சிரும்" என்றார். அந்த மாதிரிப் பெட்டி மோட்டாரை ஓட்டும்போது மெல்லிய விசில் சத்தம் வரும். அது இயந்திரத்தின் சத்தத்தை மறைக்கிறது என்று அந்தப் பெண் எங்களுக்குச் சொன்னார். தலைவி கிட்டே போனார். பிறகு உள்ளங்கையை இயந்திரத்தின் வயிற்றில் வைத்தார். அதிர்வு ஏற ஏற அவர் கழுத்து சாய்ந்தது.

"இப்பத் தொறங்க."

அந்தப் பெண் மீட்டரில் எண்ணைக் குறித்தார். நிறுத்தி, மறுபடி ஓட்டி, மறுபடி கேட்டார். மூன்று தடவையும் ஏறக்குறைய அதே எண்தான். அந்த வேகம் வந்ததும் பச்சை விளக்கு எரியும்படி பெட்டிக்குள் ஒரு சின்ன மாற்றம் செய்தார். நான்காம் தடவை பச்சை விளக்கு எரிந்தது, தகட்டைத் திறந்தார்கள், உமி ஒரு பக்கம் பறக்க, மறுபக்கம் சாமையரிசி கூடையில் விழுந்தது. மாணவர்கள் விசிலடித்தார்கள். கால் மணி நேரத்தில் கொட்டகை வாசலில் உமி நீக்கக் கொண்டுவந்த ஆறு மூட்டைகள் வரிசையில் நின்றன.

எனக்கு உயிர் வந்தது. இயந்திரம் ஓடிவிட்டது. பெண்கள் மகிழ்ச்சியோடுதான் இருக்கிறார்கள். நான் எழுதியனுப்பியதில் இப்போது ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

அப்போது அந்தப் பெண் கையெல்லாம் உமியோடு என்னிடம் வந்தார். மத்தியானம் நின்றுபோனதையும், அதற்கு என்ன காரணம் என்பதையும் மறக்காமல் எழுதச் சொன்னார். நாங்கள் எங்கே தவறினோம் என்று தெரிந்தால்தான் அடுத்தவன் அதே தவறைச் செய்யமாட்டான், அதுதான் இன்றைய பாடமே என்றார்.

எழுதுகிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். கரும்பலகையில் அவர் எழுதியது இன்னும் அழிக்கப்படாமல் இருந்தது. "செய்தி பன்னிரண்டரை மணி பஸ்ஸிலயே போயிடுச்சு மேடம்" என்றேன்.

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் திரும்பி ஊர்ப் பெண்களைப் பார்த்துச் சொன்னார். "அக்கா, இவரு என்னையும் மிஞ்சிட்டாரு. நான் சுவிட்சைத் தப்பாப் போட்டேன், இவரு நான் போடுறதுக்கு முன்னாடியே ஓட்டிட்டாரு."

தலைவி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப எம் மவளுக்கு மாப்பிள்ளை யாருன்னும் எழுதிப்போடுங்க சாமி. தேடுற வேலை மிச்சம்." கொட்டகையே சிரித்தது. கொஞ்ச நேரத்தில் நானும் சிரித்தேன். அதற்கு மேல் ஒளிப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

வேன் டிரைவரைக் கெஞ்சி, மலைமேல் பெரிய ஊரான செம்மேடு போய், எஸ்.டி.டி. பூத்திலிருந்து சேலத்துக்குப் போன் செய்தேன். கவர் வந்து சேர்ந்திருந்தது. செய்தி ஆசிரியரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"இந்த மாதிரி எத்தனை அனுப்பியிருக்கே?"

"ஏழெட்டு இருக்குங்க."

"அதுக்கு நாளைக்கு நேர்ல வா. இப்ப உண்மையில என்ன நடந்துச்சோ அதைச் சொல்லு, எழுதிக்கறேன்."

பூத்துக்குள் நின்றுகொண்டு சொன்னேன். வயிறு முட்டத் தின்றுவிட்டு எழச்சொன்ன கதையைச் சொன்னபோது, மறுமுனையில் அவர் சிரிப்பதும் பேனாவைக் கீழே வைப்பதும் கேட்டது. மறுநாள் செய்தி மூன்று பத்தியில், படமில்லாமல் வந்தது. சுவிட்சில் கை வைத்த படத்தை அவர் போடவில்லை. கல்லூரி முதல்வருக்கு, நின்றுபோனதையெல்லாம் எழுதியதில் வருத்தம். அந்தப் பெண்ணோ ஊருக்குப் போகுமுன் பத்துப் பிரதிகள் வாங்கிக்கொண்டாராம்.

என் வேலை போகவில்லை. ஆனால் அதன் பிறகு ஆறு மாதம், நான் அனுப்பும் ஒவ்வொரு செய்தியின் மேலும் அதை எத்தனை மணிக்குக் கண்ணால் பார்த்தேன் என்று எழுத வேண்டும் என்பது உத்தரவு. பல விழாக்களுக்குக் கடைசி வரை உட்கார்ந்திருந்தேன்.

இன்றும் எங்காவது நான் தவறிவிட்டேன் என்று தெரியும்போது முதலில் கூச்சம்தான் வருகிறது. அதன் பின்னாலேயே, ஒளிக்க ஒன்றுமில்லாமல் அந்தப் பெண்களோடு சேர்ந்து என்னையே பார்த்துச் சிரித்த அந்த மாலை நினைவுக்கு வர, சொல்லிவிடுவது அவ்வளவு கடினமில்லை என்று ஆகிவிடுகிறது.