குடிலுக்கு எடுத்த வைக்கோல்

ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் எனக்கு விடுமுறை. மற்ற ஆறு நாளும் விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறி ஒரகடம் போய், பொழுது சாய்ந்த பிறகு உத்திரமேரூர்ப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்புகிறவள் நான். அந்த ஒரு நாளையும் எங்கள் சின்னக் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கக் கொடுத்துவிட்டேன். பதினோரு பிள்ளைகள். கடவுளை முழு மனதோடு நேசி, அடுத்தவரை உன்னைப் போல நேசி. இந்த இரண்டையும் எட்டு வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். முதலாவது சுலபம். அதற்குப் பாட்டு இருக்கிறது, ஜெபம் இருக்கிறது. இரண்டாவதில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

கோயிலை ஒட்டி ஒரு முள்வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு. அந்த வீட்டு அக்கா கிறிஸ்தவர் இல்லை. ஒரு பசுவையும் கன்றையும் வைத்துக்கொண்டு தனியாகப் பிழைக்கிறவர். ஜெபமாலை மாதமான அக்டோபரில் ஒரு நாள், எங்கள் ஸ்பீக்கர் சத்தத்துக்குக் கன்று ஈன்ற மாடு மிரளுகிறது, கொஞ்சம் வேறு பக்கம் திருப்பிக் கட்டுங்கள் என்று கேட்க வந்தார். நியாயமாகத்தான் கேட்டார். எனக்கோ அன்று கம்பெனியில் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட எரிச்சல். "ஆடி மாசம் பூரா உங்க கோயில் ஸ்பீக்கரு கத்திக்கினு கீது, நாங்க வந்து கேட்டமா?" என்று ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தேன். அவர் வந்த வழியே திரும்பிப் போனார். ஸ்பீக்கரை மறுநாளே ஃபாதர் ஆள் வைத்துத் திருப்பிவிட்டார். நான் மட்டும் திரும்பவில்லை. அடுத்த ஞாயிறு வகுப்பில், "அந்த வூட்டுப் பக்கம் யாரும் போவக் கூடாது, வீண் வம்பு" என்று பிள்ளைகளுக்கு உத்தரவு போட்டேன். அதே வாயால் அன்றைய பாடத்தையும் எடுத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு வாரமான திருவருகைக் காலம் வந்தது. கோயில் முகப்பில், இயேசு பிறந்த தொழுவம் போலக் குடில் போட்டோம். பாலன் இயேசுவின் சொரூபம் கிறிஸ்துமஸ் வரைக்கும் பீரோவுக்குள் இருக்கும். அதுவரை அவரைக் கிடத்துகிற தீவனத்தொட்டி காலியாகக் கிடக்கும். பழைய தக்காளிப் பெட்டிதான் எங்கள் தீவனத்தொட்டி. பிள்ளைகளிடம் சொன்னேன்: யாருக்காவது ஒரு நல்லது செய்தால் ஒரு வைக்கோலைக் கொண்டுவந்து போடுங்கள், குழந்தைக்கு மெத்தை தயாராகட்டும். பல கோயில்களில் உள்ள வழக்கம்தான். நான் ஒன்றைத்தான் யோசிக்கவில்லை. இப்போதெல்லாம் மெஷின் அறுத்து, வைக்கோலைச் சுருட்டிக் கட்டி, வயலிலிருந்தே லாரி ஏற்றிவிடுகிறார்கள். பதினோரு பிள்ளைகளில் ஒரு வீட்டிலும் மாடு கிடையாது, வைக்கோலும் கிடையாது.

ஆனாலும் பெட்டி நிரம்பியது. இரண்டாவது வாரமே வழிந்தது. ஒருத்தன் அம்மாவுக்குக் குடம் தூக்கினேன் என்று ஒரு பிடி போட்டான். இன்னொருத்தி தங்கைக்குப் பென்சில் கொடுத்தேன் என்று இரண்டு பிடி போட்டாள். போட்டி வந்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. போட்டோ எடுத்துப் பங்கு வாட்ஸப் குழுவில் போட்டேன், கைகூப்பல்களாக வந்து குவிந்தன.

மூன்றாவது ஞாயிறு. நான்கு நாள் விடாமல் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. வகுப்பு முடிந்து கோயிலைப் பூட்டிவிட்டு வேலிப் பக்கம் வந்தவள் அப்படியே நின்றேன். அக்காவின் வைக்கோல் போர் வேலியை ஒட்டி நிற்கிறது. சொர்ணவாரிப் பட்டத்து அறுப்பில், தன் துண்டு நிலத்தில் அவர் ஆளை வைத்துக் கையால் அறுத்துப் போட்ட போர். எங்கள் பக்கமாக, பிள்ளைகளின் கை எட்டுகிற உயரத்தில், ஒரு அண்டா நுழைகிற அளவுக்குப் பொந்து. பொந்துக்குள் மழைத் தண்ணீர் இறங்கி, உள்ளே எல்லாம் கறுத்து, புளித்த நாற்றம் அடித்தது. பொந்திலிருந்து குடில் வரைக்கும் தரையில் வைக்கோல் சிந்தியிருந்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இந்தக் கதையைப் படிக்கிற யாருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்தது. நான் செய்தது, சிந்திக் கிடந்ததைக் காலால் தள்ளி ஒதுக்கிவிட்டு வீட்டுக்குப் போனதுதான்.

அந்த வாரம் முழுக்க ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. பஸ்ஸில் ஜன்னலைத் திறப்பேன், மூடுவேன். மெஷினில் கை ஓடாது. சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவேன். புதன்கிழமை சாயங்காலம் தெருவில் நுழையும்போதே சத்தம் கேட்டது. அக்கா அழுகிய வைக்கோலைப் பிடி பிடியாக உருவிக் குப்பைமேட்டில் எறிந்துகொண்டிருந்தார். எதிர் வரிசையில் ஆடு வளர்க்கிற பெரியவரைப் பார்த்து, "ஆட்ட அவுத்து என் போர மேய வுட்டுட்டு நீ பாட்டுக்கு கீற. தை அறுப்புக்கு இன்னும் எத்தினி நாளு கீது? அதுவரைக்கும் என் மாடு இன்னாத்தத் தின்னும்? நீ வந்து போடுவியா?" என்று கத்தினார். பெரியவர், "என் ஆடு கட்டிப் போட்டது கட்டினபடியே கீதும்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் நம்பவில்லை. நான் சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து அந்த இருவருக்கும் நடுவே நடந்து போனேன். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். என்னைப் பார்த்துத்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்பு ஃபாதர், நாங்கள் செய்த பாவங்களை ஒவ்வொருவராகச் சொல்கிற பாவசங்கீர்த்தனம் கேட்க வந்தார். முதலில் பிள்ளைகள், கடைசியில் நான். வகுப்பில் கேள்வி கேட்டே என்னைக் கொல்கிற ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள் ஃபாதரிடம் சொல்லி முடித்து எழுந்து வந்தவள், மற்றவர்களைப் போல மண்டியிட்டு ஜெபம் சொல்லப் போகாமல், நேராக வரிசையில் நின்ற என்னிடம் வந்தாள்.

"மிஸ், நாங்க வேலிக்கு அந்தாண்ட போவல. இந்தாண்டயிருந்தே கைய நீட்டித்தான் எடுத்தோம். நீங்க அங்க போவக் கூடாதுன்னு சொன்னீங்கல்ல?"

"ம்."

"ஆனா ஃபாதரு, எடுத்தத திருப்பிக் குடுத்துட்டு மன்னிப்பு கேக்கச் சொல்லிட்டாரு. இப்ப அங்க போவலாமா மிஸ்?"

என் முகம் எரிந்தது. அவமானம்தான், வேறென்ன. அந்தப் பிள்ளை மன்னிப்புக் கேட்கவே என் அனுமதிக்காக நிற்கிறது. எனக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். வரிசையை விட்டு வெளியே வந்தேன். முகப்புக்குப் போய் தக்காளிப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கினேன். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பின்னால் வந்தார்கள்.

அக்கா கொட்டகையில் சாணம் வாரிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்வலத்தைப் பார்த்து நிமிர்ந்தார்.

"இன்னா டீச்சரம்மா, பெட்டியோட?"

"அக்கா, உங்க போர ஆடு மேயல. எங்க புள்ளைங்கதான் உருவிட்டாங்க. பத்து நாளாத் தெரிஞ்சும் நான் வாயத் தொறக்கல. ஸ்பீக்கருக்குப் பேசினதும் தப்புதான். மன்னிச்சுக்குங்க."

பிள்ளைகளும் கோரஸாக மன்னிப்புக் கேட்டார்கள். அக்கா பெட்டியை எட்டிப் பார்த்தார். "வைக்கோல வெச்சி இன்னா வெளையாட்டு?"

கேள்விக்காரிதான் பதில் சொன்னாள். "வெளையாட்டு இல்ல ஆண்ட்டி. ஒரு நல்லது பண்ணா ஒரு வைக்கோலு. இயேசு சாமி பொறந்தா படுக்கிறதுக்கு."

அக்கா பெட்டிக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்தார், பிரித்துப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். குரலில் கோபம்கூட இல்லை.

"இம்மாம் நல்லது பண்ணிக்கீறாங்களா? அதுல ஒண்ணாச்சும் என் வூட்டாண்ட வந்துச்சா, டீச்சரம்மா?"

மாடு கழுத்தை நீட்டிப் பெட்டியை மோப்பம் பிடித்தது. நான் பெட்டியை அதன் முன்னால் கவிழ்த்தேன். நான்கு வாரத்துப் புண்ணியத்தை அது நிதானமாக மெல்லத் தொடங்கியது. ஆட்டுக்காரப் பெரியவரிடம் நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். "நீ சொல்லு, நானும் வரணும். அந்த மனுசன வாயில வந்தபடி பேசிட்டேன்" என்றார் அக்கா.

கிளம்பும்போது கூப்பிட்டார். கையில் அந்த ஒரு பிடி அப்படியே இருந்தது. "இந்தா, எடுத்துக்கினு போ. கொயந்தய வெறும் பலகையிலயா படுக்க வெப்ப?"

காலிப் பெட்டியில் அதை வைத்துக்கொண்டு திரும்பினோம். வேலியைச் சுற்றி வரும்போது அந்தப் பெண் என் துப்பட்டாவை இழுத்தாள்.

"மிஸ், ஒரு நல்லதுக்கு ஒரு வைக்கோலுன்னா, இது யாரு பண்ண நல்லது?"

"அவங்க பண்ணது."

"அப்ப நம்மளுது?"

"நம்மளுது ஒண்ணும் இல்ல. இனிமேதான்" என்றேன்.