நல்ல செல் முதலில்

மலையாள மண்ணில், கோயிலைச் சுற்றிய கோட்டைக்குள் குடியிருந்த சூடாமணிக்கு இரண்டு விஷயங்களில் சமரசமே கிடையாது. தலைக்குக் குளிக்காமல் வெளியே கிளம்பமாட்டாள். எந்த வேலையையும் நல்லதிலிருந்துதான் தொடங்குவாள். இந்த இரண்டும் சேர்ந்து ஒரு புற்றுநோய் ஆராய்ச்சியைக் கவிழ்க்கும் என்று 1997-இல் அவள் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் யாரும் நினைக்கவில்லை.

அவள் வேலை ஆர்.என்.ஏ-வைப் பிரித்தெடுப்பது. செல்லின் உட்கருவில் எழுதப்படும் ஆர்.என்.ஏ, வேண்டாத துண்டுகள் வெட்டப்பட்டு, மிச்சம் ஒட்டப்பட்ட பிறகுதான் வெளியே அனுப்பப்படும். புற்று செல்லில் இந்த வெட்டலும் அனுப்பலும் தாறுமாறாகின்றனவா என்பது அவளுடைய மேலதிகாரி நீலகண்டனின் கேள்வி. ஆர்.என்.ஏ-வோ வெறும் விரல் பட்டாலே, தோலில் இருக்கும் நொதியால் நொறுங்கிவிடும். மடி ஆசாரத்தில் வளர்ந்தவளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா என்ன? கையுறை இல்லாமல் எதையும் தொடமாட்டாள்.

காலையில் நல்ல செல், மத்தியானம் புற்று செல். விடிந்ததும் விடியாததுமாகப் புற்றின் முகத்திலா விழிப்பது?

முடிவு பிரமாதமாக வந்தது. உட்கருவுக்கு வெளியே வந்த ஆர்.என்.ஏ நல்ல செல்லில் தூள்தூள். புற்று செல்லில் முழுசு.

"நல்ல செல் வேண்டாததை அழிச்சுடறது. புற்று அப்படியே வெளியில விடறது" என்று நீலகண்டன் பூரித்தார். நல்ல செல்லின் ஆர்.என்.ஏ கோடுகோடாகத் தெரியும் படத்தில், வேண்டியது வேண்டாதது என்றில்லாமல் எல்லாமே மங்கியிருந்ததைப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. கட்டுரை அச்சானால் சூடாமணியின் தற்காலிக வேலையும் நீளும்.

கட்டுரையை அனுப்ப இருந்த வாரம், பக்கத்து மேஜை ஷிஜா மலையாளம் கலந்த தமிழில் சொன்னாள்: "சேச்சி, முடியில இருந்து வெள்ளம் சொட்டி ட்யூபுக்குள்ள போகுது, கண்டோ?"

கர்க்கடகம் என்கிற ஆடி மாத மழைக்காலத்தில் சூடாமணியின் தலைமுடி மத்தியானம்வரை காயாது. மறுநாள் புற்று செல்லை முதலில் செய்தாள். புற்று தூளானது, நல்லது முழுசாக நின்றது. வாயை மூடிக்கொண்டால் வேலை தப்பும். ஆனால் அவளால் முடியவில்லை.

நீலகண்டன் கேட்டு முடித்துவிட்டு, "வேற யாருக்குத் தெரியும்?" என்றார்.

"ஷிஜாதான் சார் பாத்துச் சொன்னா."

பெருமூச்சு விட்டார். "அப்போ திருப்பிப் பண்ண வேண்டியதுதான்."

தலையில் துணி கட்டிக்கொண்டு செய்தாள். இரண்டு செல்லும் ஒரே மாதிரி வந்தன. கட்டுரை போகவில்லை. மாதக் கடைசியில் வேலை போயிற்று.

வழியனுப்பும் டீ பார்ட்டியில் நீலகண்டன் எழுந்து, மனதாரத்தான் சொன்னார்: "சூடாமணி மாதிரி சுத்தம் பாக்கற பொண்ணை என் சர்வீஸ்ல பாத்ததில்லை."

எல்லோரும் கைதட்டினார்கள்.